கமிஷனர் எங்கே இருக்கிறார்?

ஊருக்குள் துப்பாக்கிச் சத்தம். ஒரே சமயத்தில் நாலைந்து இடங்களிலிருந்து போன் வருகிறது. யார் சுடுகிறார்கள், எத்தனை பேர், எதற்காக, எதுவும் தெரியாது. அந்த நேரத்தில் நகரத்தின் போலீஸ் கமிஷனர் எங்கே இருக்க வேண்டும்?

யாரைக் கேட்டாலும் "சம்பவ இடத்தில்" என்றுதான் சொல்வார்கள். குண்டு பாயும் இடத்தில் முன்னால் நிற்பவர்தான் அதிகாரி என்ற எண்ணம் நம் மனதில் ஊறிப்போயிருக்கிறது. நான் காவல்துறையின் வயர்லெஸ் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். சர்வீஸில் பாதிக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில், கன்ட்ரோல் ரூம் நாற்காலியில் கழிந்தது. துப்பாக்கியைப் பயிற்சி மைதானத்தில் தொட்டதோடு சரி. அன்றாடம் கையில் இருந்தது மைக். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இந்தக் கேள்விக்கு வேறு பதில்தான் சொல்வார்கள். அது ஏன் என்று விளங்க, 2008 நவம்பர் 26 இரவு மும்பையில் நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கராச்சியிலிருந்து கடல் வழியாகக் கிளம்பிய பத்துப் பேர், வழியில் குபேர் என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கடத்திக்கொண்டு வந்து, தென்மும்பையில் மீனவர் குடியிருப்புப் பக்கம் ரப்பர் படகில் கரையேறினார்கள். சிறு சிறு குழுக்களாகப் பிரிந்தார்கள். லியோபோல்ட் கஃபே, சத்ரபதி சிவாஜி ரயில் நிலையம், தாஜ் ஓட்டல், ஓபராய்–ட்ரைடென்ட், யூதர்கள் தங்கும் நரிமன் ஹவுஸ், பிறகு காமா மருத்துவமனை. ஏறி வந்த டாக்சிகளில் இரண்டில் குண்டு வைத்துவிட்டு இறங்கியிருந்தார்கள். அந்த டாக்சிகள் ஒன்று வாடி பந்தர் பக்கமும் மற்றொன்று எங்கோ தள்ளி விலே பார்லேயிலும் வெடித்தன. சுமார் 60 மணி நேரம் நீடித்த அந்தத் தாக்குதலில் 166 பேர் இறந்தார்கள்.

டாக்சி வெடிகுண்டுகளை மட்டும் கன்ட்ரோல் ரூம் கண்ணால் பாருங்கள். தென்மும்பையில் சண்டை நடக்கும்போது விலே பார்லேயிலிருந்து "இங்கேயும் வெடித்துவிட்டது" என்று அழைப்பு வந்தால், மைக் முன்னால் இருப்பவருக்கு நகரம் முழுக்க எதிரி பரவிவிட்டதாகவே தோன்றும். பத்துப் பேர் நூறு பேராகத் தெரிவார்கள். ஆரம்ப நிமிடங்களில் லியோபோல்ட் சம்பவத்தைத் தாதா கும்பல்களின் மோதல் என்றே பலர் நினைத்தார்கள். பிறகு இருபது, இருபத்தைந்து தீவிரவாதிகள் என்று பேச்சு கிளம்பியது. இப்படிப்பட்ட இரவில் துண்டு துண்டாக வரும் தகவல்களை ஒன்றாக வைத்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில் உட்கார்ந்து "இது ஒரே தாக்குதல், இவர்கள் இரண்டிரண்டு பேராக நகர்கிறார்கள்" என்று சொல்லும் அதிகாரம் படைத்த ஒருவர் வேண்டும்.

மும்பையின் கன்ட்ரோல் ரூம் க்ராஃபோர்ட் மார்க்கெட் அருகே கமிஷனர் அலுவலக வளாகத்தில் இருக்கிறது. அன்றைய கமிஷனர் ஹசன் கஃபூர் அங்கே போகவில்லை. ட்ரைடென்ட் ஓட்டல் பக்கம் சாலையில் தன் காரில் இருந்தபடி இரவைக் கழித்தார். கன்ட்ரோல் ரூமைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் குற்றப்பிரிவு இணை கமிஷனர் ராகேஷ் மரியாவிடம் கொடுத்தார். மகாராஷ்டிர அரசு அமைத்த ராம் பிரதான் குழு 2009-இல் அறிக்கை தந்தபோது, மும்பைப் போலீஸ் பொதுவாக நன்றாகவே போராடியது என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தலைமையைக் கமிஷனர் தரவில்லை, ஒரே இடத்தில் நின்றுவிட்டார் என்று குறை கண்டது. அடுத்த சில மாதங்களில் அவர் அந்தப் பதவியிலிருந்து மாற்றப்பட்டார்.

அவரைக் கோழை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தாக்குதல் நடக்கும் ஓட்டலுக்கு எதிரே போய் நிற்பவர் கோழை ஆக மாட்டார். ஆனால் அவர் நின்ற இடத்திலிருந்து ட்ரைடென்ட் மட்டும்தான் தெரியும். ரயில் நிலையம் தெரியாது, காமா மருத்துவமனை தெரியாது. அங்கே இருக்கும் அவருடைய ஆட்களுக்கும் அவர் குரல் கேட்காது. ஒரு முனையில் நிற்கும் மூத்த அதிகாரி, எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், அந்த நேரத்துக்கு அந்த ஒரு முனையின் அதிகாரிதான்.

இதன் விலை என்ன என்பது நள்ளிரவை ஒட்டி, காமா மருத்துவமனை அருகே உள்ள ரங் பவன் சந்தில் தெரிந்தது. ரயில் நிலையத்தில் கண்மூடித்தனமாகச் சுட்டுவிட்டு, அந்தப் பத்துப் பேரில் அஜ்மல் கசாப்பும் இஸ்மாயில் கானும் காமா மருத்துவமனைக்குள் ஏறினார்கள். கூடுதல் கமிஷனர் சதானந்த் தாத்தே ஒரு சிறு குழுவோடு மாடிக்குப் போய் அவர்களை மறித்தார். கையெறி குண்டில் படுகாயம் பட்டும், ரத்தம் ஒழுக ஒழுக அவர்களை நகரவிடாமல் வைத்திருந்தார். உதவி கேட்டுத் தகவலும் அனுப்பினார். மருத்துவமனையின் பின்பக்கம் தீவிரவாதத் தடுப்புப் படைத் தலைவர் ஹேமந்த் கார்கரே, கூடுதல் கமிஷனர் அசோக் காம்தே, இன்ஸ்பெக்டர் விஜய் சாலஸ்கர் மூவரும் வந்து சேர்ந்தார்கள். மூவரும் நான்கு காவலர்களும் ஒரே குவாலிஸ் வண்டியில் அந்தச் சந்துக்குள் போனார்கள். மறைந்திருந்தவர்கள் சுட்டார்கள். ஏழு பேரில் உயிரோடு மிஞ்சியவர் அருண் ஜாதவ் என்ற காவலர் ஒருவர்தான்.

காம்தேயின் மனைவி வினிதா, கணவரின் கடைசி நிமிடங்களில் என்ன நடந்தது என்று அறிய, அன்றைய கன்ட்ரோல் ரூம் உரையாடல் பதிவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கினார். அதை வைத்து 2009-இல் 'டு த லாஸ்ட் புல்லட்' என்ற நூலும் வந்தது. மருத்துவமனையின் முன்பக்கத்துக்குப் படை அனுப்பும்படி கார்கரே வயர்லெஸில் கேட்டும் படை போகவில்லை, சுடப்பட்டவர்கள் சாலையில் வெகுநேரம் கிடந்தார்கள் என்பது வினிதாவின் குற்றச்சாட்டு. கன்ட்ரோல் ரூமில் அன்றிருந்த தரப்பு இதை மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் அந்தப் பதிவேடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நிமிடத்துக்கு நிமிடம் எழுதியிருப்போம். கேட்டவர் யார், பதில் சொன்னவர் யார், எத்தனை மணிக்கு என்றெல்லாம் இருக்கும். "படை அனுப்பு" என்று ஒரு வரி இருந்து, அதற்கு நேராக "இன்ன வண்டி கிளம்பியது" என்ற வரி இல்லாவிட்டால், அந்த வெற்றிடத்தை நிரப்பச் சாதாரணக் காவலரால் முடியாது. ஒரு டிவிஷன் படையைப் பிடுங்கி இன்னொரு டிவிஷனுக்கு அனுப்பும் அதிகாரம் மேலே இருப்பவருக்குத்தான் உண்டு. அதற்காகத்தான் அவர் கன்ட்ரோல் ரூமில் இருக்க வேண்டும் என்கிறேன்.

வயர்லெஸ் வேலை செய்யும் விதத்தையும் பொதுமக்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். செல்போனில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம். எங்கள் பழைய வி.ஹெச்.எஃப் செட்டில் அது நடக்காது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு குரல். ஒற்றைப் பனைமரப் பாலம் மாதிரி. எதிரும் புதிருமாக இருவர் ஏறினால் இருவருமே விழுவார்கள். இரண்டு பேர் ஒரே சமயத்தில் மைக்கை அழுத்தினால் மற்ற எல்லோருக்கும் கரகரப்புதான் கேட்கும். பதற்றத்தில் இருக்கும் மூத்த அதிகாரி "அங்கே என்னய்யா நடக்குது, ஏன் பதில் சொல்லமாட்டேங்கிறே?" என்று அரை நிமிடம் மைக்கைப் பிடித்திருந்தால், அந்த அரை நிமிடம் முழுதும் குண்டடிபட்ட காவலர் "ஆம்புலன்ஸ்" என்று கத்துவது யார் காதிலும் விழாது. பெரிய பதவியில் இருப்பவர்கள் நெருக்கடியில் குறைவாகப் பேச வேண்டும் என்பது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, கருவி அப்படித்தான் அமைந்திருக்கிறது.

அதே இரவில் அதே வயர்லெஸ் ஒரு பெரிய வேலையும் செய்தது. அதிகாரிகளைச் சுட்டுக் கீழே தள்ளிவிட்டு, அதே குவாலிஸை ஓட்டிக்கொண்டு கசாப்பும் இஸ்மாயிலும் போனார்கள். பின்பக்கம் இறந்த சக காவலர்களின் உடல்களுக்கு அடியில் அருண் ஜாதவ் அசையாமல் கிடந்தார். டயர் பழுதாகி அவர்கள் ஒரு ஸ்கோடா காரைப் பறித்துக்கொண்டு போனதும், அவர் வண்டியிலிருந்த வயர்லெஸை எடுத்து கன்ட்ரோலுக்குச் சொன்னார். ஸ்கோடா கார் பற்றிய தகவல் ஸ்டேஷன்களுக்குப் பறந்தது. கிர்காவ் சௌபாத்தியில் டி.பி. மார்க் ஸ்டேஷன் போலீஸார் சாலையை மறித்துக் காத்திருந்தார்கள். ஸ்கோடா வந்தது. இஸ்மாயில் சுடப்பட்டு இறந்தான். உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே கசாப்பின் துப்பாக்கிக் குழலை வெறும் கையால் பிடித்துக்கொண்டு, குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு இறந்தார். பத்துப் பேரில் உயிரோடு பிடிபட்டவன் கசாப் ஒருவன்தான். ஓம்ப்ளேயின் வீரத்தை நாடே பாடுகிறது. அசோக சக்ரா தந்தது. அந்தக் கார் அந்த வழியாக வரும் என்று அவருக்குத் தெரியப்படுத்திய சில வரித் தகவலையும் நான் அதோடு சேர்த்தே நினைப்பேன்.

இதுவரை சொன்னது போலீஸ் போலீஸுடன் பேசுவது. பொதுமக்களோடு பேசுவது இன்னொரு பாதி. அன்று மும்பையில் அந்தப் பாதி கிட்டத்தட்ட காலியாகவே கிடந்தது, காலியான இடத்தைத் தொலைக்காட்சி பிடித்துக்கொண்டது. கமாண்டோக்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் நரிமன் ஹவுஸ் மொட்டை மாடியில் இறங்கியதை உலகமே நேரலையில் பார்த்தது. பாகிஸ்தானில் உட்கார்ந்து போனில் உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தவர்களும் பார்த்தார்கள். டில்லியிலிருந்து 200 கமாண்டோக்கள் வருகிறார்கள் என்பது அவர்கள் வந்து இறங்குவதற்கு முன்பே ஊரறிந்த செய்தி. தாஜ் ஓட்டலில் எல்லாம் முடிந்தது என்று செய்தி வரும், கொஞ்ச நேரத்தில் மறுபடி வெடிச்சத்தம் கேட்கும். 28-ஆம் தேதி ரயில் நிலையத்தில் மீண்டும் துப்பாக்கிச் சூடு என்று வதந்தி பரவி மக்கள் ஓடினார்கள். தென்மும்பையில் சிறிது நேரம் செய்தி சேனல்களை இருட்டடிப்புச் செய்யும் அளவுக்குப் போனது நிலைமை.

கசாப் வழக்கில் 2012-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் இந்த நேரலையைக் கடுமையாகக் கண்டித்தது. பாதுகாப்புப் படையின் வேலையை அது கடினமாக்கியது, ஆபத்தாக்கியது என்றது. 2015-இல் கேபிள் டிவி விதிகள் திருத்தப்பட்டன. தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கையை இனி நேரலையாகக் காட்டக் கூடாது. அரசு நியமிக்கும் அதிகாரி அவ்வப்போது தரும் தகவலை மட்டுமே ஒளிபரப்ப வேண்டும். விதி நல்ல விதி. ஆனால் அதற்குள் போலீஸுக்கு ஒரு கடமை இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. கேமராவை அணைக்கச் சொல்லிவிட்டால், பேச வேண்டியவர் நேரத்துக்கு வந்து பேசியாக வேண்டும். அவர் வராவிட்டால் மக்கள் வாட்ஸ்அப்பைத்தான் பார்ப்பார்கள்.

அந்த இரவில் பொதுமக்களோடு முறையாகப் பேசிய ஒரு குரல் எது என்று கேட்டால், ரயில் நிலைய அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டேயின் குரலைச் சொல்வேன். அவர் போலீஸ்காரர் இல்லை. மேலே இருந்த தன் அறையிலிருந்து, என்ன நடக்கிறது என்று பார்த்ததும் ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார்: நிலையத்தில் ஆபத்து, முன்பக்கம் போகாதீர்கள், பின்பக்கமாக வெளியேறுங்கள் என்று. ரயிலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த புறநகர்ப் பயணிகள் பலர் அதைக் கேட்டுத் திரும்பி ஓடினார்கள். அவருக்கு எத்தனை தீவிரவாதிகள் என்று தெரியாது, அவர்கள் எந்த நாடு என்று தெரியாது. மக்கள் எந்தப் பக்கம் ஓடினால் பிழைப்பார்கள் என்பது மட்டும் தெரிந்தது. அதைச் சொன்னார். மூத்த போலீஸ் அதிகாரிகளுக்கான பயிற்சியில் முதல் பாடமாக இவரை வைக்கலாம்.

அரைகுறை எச்சரிக்கை என்ன செய்யும் என்பதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். நாலாம் நாள், டிசம்பர் 30, பிணங்களை அடக்கம் செய்யும் வேலையே முடியவில்லை. அப்போது மேலிடத்திலிருந்து மறுபடி அலை வரலாம் என்று ஓர் எச்சரிக்கை வந்தது. எப்போது, எவ்வளவு உயரம், எங்கே, எதை நம்பிச் சொல்கிறார்கள் என்று ஒன்றும் அதில் இல்லை. ஊரே எழுந்து ஓடியது. நிவாரண முகாமில் இருந்தவர்கள், மருத்துவமனையில் கட்டுப் போட்டுக் கிடந்தவர்கள் எல்லோரும் ஓடினார்கள். கன்ட்ரோல் ரூமில் எல்லா போனும் ஒரே சமயத்தில் அடித்தது. "அலை வருதாமே, நெசமா?" என்று ஒரு கிழவி கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் எங்கள் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லும்மா. ஆனா எத்தனை மணிக்குத் தெரியும்னு சொல்லு. அந்த நேரத்துக்கு நான் வந்து பேசறேன்னு சொல்லு." சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோக்களில் அவர் சொன்ன நாலு வாக்கியங்கள் தெருத்தெருவாகப் போயின. அலை வரவில்லை.

இதே பாடத்தை ஜெர்மனியின் மியூனிக் நகரப் போலீஸ் 2016 ஜூலை 22 அன்று உலகத்துக்குக் காட்டியது. ஒலிம்பியா வணிக வளாகத்தில் 18 வயது இளைஞன் ஒருவன் சுட்டதில் ஒன்பது பேர் இறந்தார்கள். சுட்டவன் ஒருவன்தான். ஆனால் அந்த மாலையில் நகரம் முழுக்க அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் துப்பாக்கிச் சூடு நடப்பதாக அழைப்புகள் வந்தன. அத்தனையும் பொய். சில மணி நேரத்தில் 4,000-க்கும் மேற்பட்ட அவசர அழைப்புகள் குவிந்தன. ஒரு பிரபல பீர் விடுதியில் சுடுகிறார்கள் என்ற பீதியில் ஜன்னலை உடைத்துக்கொண்டு குதித்துக் காயம்பட்டவர்கள் உண்டு. துப்பாக்கியோடு ஓடிய சாதாரண உடைப் போலீஸாரையே தீவிரவாதிகள் என்று மக்கள் புகார் செய்தார்கள். சுமார் 2,300 போலீஸார் தெருவில் இருந்தார்கள்.

அந்தக் குழப்பத்தில் நகரத்துக்குத் தெரிந்த முகம் ஒன்றே ஒன்று, போலீஸ் செய்தித் தொடர்பாளர் மார்கஸ் டா குளோரியா மார்ட்டின்ஸ். கேமராக்களுக்கு முன் நின்று, உறுதியானதை மட்டும் சொன்னார். உறுதியாகாததை உறுதியாகவில்லை என்றார். ஊகத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்ட நிருபர்களிடம், எங்கள் வேலையைச் செய்ய விடுங்கள் என்று குரலை உயர்த்தாமல் கேட்டுக்கொண்டார். போலீஸின் ட்விட்டர் பக்கத்தில் ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, துருக்கி மொழிகளில் அறிவிப்பு வந்தது. போலீஸ் நடமாட்டத்தைப் படம் பிடித்துப் போடாதீர்கள், தாக்குதல் நடத்துபவருக்கு உதவாதீர்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார்கள். துருக்கியில் ஏன் என்றால் அந்த நகரத்தில் துருக்கி வம்சாவளி மக்கள் நிறைய. அன்று சுட்டவன் குறிவைத்ததும் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளைத்தான்.

மொழி விஷயத்தை நம் ஊர் அதிகாரிகள் யோசிக்க வேண்டும் என்பது என் பெரிய ஆதங்கம். சத்ரபதி சிவாஜி நிலையத்தில் இறந்தவர்களில் பலர் ஊருக்குப் போக நீண்டதூர ரயிலுக்குக் காத்திருந்த சாமானியர்கள். இன்று சென்னை சென்ட்ரலில் எந்த இரவானாலும் தரையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பவர்களைப் பாருங்கள். பீகார், ஒடிசா, வங்காளம், அசாம். அங்கே ஒரு ஆபத்து என்றால் தமிழில் மட்டும் அறிவித்து என்ன பயன்? நாலு மொழியில் முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்து வைத்திருந்தால், ஒரு பொத்தானை அழுத்தும் வேலைதான்.

தகவல் வந்தும் மேசையிலேயே தங்கிப்போவது இன்னொரு வகைக் கொடுமை. 2011 ஜூலை 22, நார்வேயின் ஓஸ்லோவில் அரசுக் கட்டடத்தின் முன் குண்டு வெடித்தது. கொஞ்ச நேரத்திலேயே ஒருவர் போன் செய்து, போலீஸ் உடை மாதிரி அணிந்த ஆள் கையில் துப்பாக்கியோடு ஒரு வண்டியில் ஏறிப் போனதாகச் சொல்லி, வண்டி எண்ணையும் கொடுத்தார். போனை எடுத்தவர் அதை ஒரு மஞ்சள் ஒட்டுத் தாளில் எழுதி மேலதிகாரியின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். அது சுமார் இருபது நிமிடம் அங்கேயே கிடந்தது. அந்த ஆள் ஊட்டோயா தீவுக்குப் போய் 69 பேரைக் கொன்றான், பெரும்பாலும் பதின்பருவத்துப் பிள்ளைகள். 2012-இல் விசாரணைக் குழு அறிக்கை வெளியானதும் நாட்டின் போலீஸ் தலைவர் ராஜினாமா செய்தார். இந்தச் செய்தியை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மாதிரித் துண்டுத் தாள்கள் கிடக்கும் மேசையில்தானே என் வாழ்க்கையே போயிற்று.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 2017 மே 22 அன்று இசை நிகழ்ச்சி முடிந்து வந்த கூட்டத்தில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தபோது, போலீஸ் கன்ட்ரோல் ரூமின் பொறுப்பு அதிகாரி ஒருவர் தலையிலேயே எல்லா அழைப்புகளும் விழுந்தன. துப்பாக்கியேந்திய தீவிரவாதிகள் சுற்றுகிறார்கள் என்று கருதி அதற்கான அவசர நிலையை அறிவித்தார். தீயணைப்புத் துறைக்கும் ஆம்புலன்ஸுக்கும் அதைச் சொல்ல விட்டுப்போயிற்று. தீயணைப்பு வண்டிகள் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாக வந்தன. குண்டு வெடித்த கூடத்துக்குள் போன துணை மருத்துவர்கள் மூன்றே பேர். விசாரணை அறிக்கை இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. நான் அந்த அதிகாரியைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு மனிதருக்கு இரண்டு காதுதான். அவருக்கு மேலே இருந்தவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ வயர்லெஸைப் பார், மற்றத் துறைகளிடம் நான் பேசுகிறேன்" என்று பாரத்தைப் பிரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

நமக்கு மிக அருகில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்புத் தேவாலயங்களிலும் கொழும்பு ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு வகுப்புக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர். முன்னெச்சரிக்கை பல நாட்களுக்கு முன்பே வந்திருந்தது. ஏப்ரல் 11 தேதியிட்ட போலீஸ் கடிதத்தில் விவரம் இருந்தது. பிரமுகர் பாதுகாப்புப் பிரிவுகள் போன்ற சிலரின் கைக்கு அது போனது. தேவாலய வாசலில் நின்ற பாதிரியாருக்குப் போகவில்லை. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி பத்துக் கோடி ரூபாயும், முன்னாள் போலீஸ் மா அதிபரும் முன்னாள் உளவுப் பிரிவுத் தலைவரும் தலா ஏழரைக் கோடி ரூபாயும் இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதற்குச் சட்டப்படியே விலை உண்டு என்பதை இந்தப் பிராந்தியத்தில் அவ்வளவு தெளிவாகச் சொன்ன தீர்ப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை.

சரி, அந்த முதல் அரைமணியில் அதிகாரி என்னதான் பேச வேண்டும்? எழுதியே காட்டுகிறேன். "சென்ட்ரல் ரயில் நிலையத்தில் துப்பாக்கிச் சூடு நடக்கிறது. போலீஸ் உள்ளே சென்றிருக்கிறது. அந்தப் பக்கம் யாரும் வர வேண்டாம். அருகில் இருப்பவர்கள் கட்டடத்துக்குள் போய்க் கதவை அடைத்துக்கொள்ளுங்கள், போனைச் சத்தமில்லாமல் வையுங்கள். எத்தனை பேர் சுடுகிறார்கள் என்று இன்னும் தெரியவில்லை. போலீஸ் எங்கே நிற்கிறது என்று படம் எடுத்துப் போடாதீர்கள். உறவினர்களைத் தேடுபவர்கள் இந்த எண்ணுக்குப் பேசுங்கள். ஒன்பதரை மணிக்கு மறுபடி பேசுகிறேன்." அவ்வளவுதான். முக்கால் நிமிடம் கூட ஆகாது. இதில் எந்த மதம், எந்த அமைப்பு என்று ஒரு சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். 1998 பிப்ரவரியில் கோவையில் குண்டுகள் வெடித்து 58 பேர் போன பிறகு, அதிகாரியின் வாயிலிருந்து தவறி விழும் ஒரு ஊகம் மறுநாள் எந்தத் தெருவில் தீயாக எரியும் என்பது தமிழ்நாட்டுப் போலீஸுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மும்பையிலும் 'டெக்கான் முஜாஹிதீன்' என்று ஒரு பெயர் மின்னஞ்சலில் வந்தது. அது வெறும் முகமூடி என்று பிறகுதான் தெரிந்தது.

ஒன்பதரைக்குப் பேசுகிறேன் என்றால் ஒன்பதரைக்குப் பேச வேண்டும். புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் வந்து, புதிதாக எதுவும் இல்லை என்று சொல்ல வேண்டும். முதலில் சொன்னது தவறு என்று தெரிந்தால் திருத்த வேண்டும். 2013-இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஆள் பிடிபட்டதாகப் பெரிய தொலைக்காட்சிகளே அறிவித்தபோது, அப்படி யாரும் கைதாகவில்லை என்று பாஸ்டன் போலீஸ் தங்கள் பக்கத்தில் உடனே மறுத்தது. அதன்பின் ஊர் போலீஸ் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

நம் கடற்கரை மாவட்டங்களில் 'சாகர் கவச்' என்று ஒத்திகை நடப்பதைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். மாறுவேடத்தில் போலி வெடிகுண்டோடு கடல் வழியாக ஊடுருவ ஒரு குழு முயலும், இன்னொரு குழு பிடிக்கும். நல்ல ஒத்திகை. நான் பார்த்தவரை அதில் சோதிக்கப்படுபவர் சோதனைச்சாவடியில் நிற்கும் காவலரும் ரோந்துப் படகில் இருப்பவரும்தான். அடுத்த ஒத்திகையில் எஸ்.பி.யையும் சோதியுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் கன்ட்ரோல் ரூமுக்கு வரச் சொல்லுங்கள். எத்தனை நிமிடத்தில் வருகிறார் என்று பதிவேட்டில் எழுதுங்கள். அவர் உட்கார்ந்ததும் நாலு மூலையிலிருந்தும் பொய்யும் உண்மையும் கலந்து அழைப்புகளை அனுப்புங்கள். நடுவில் செல்போனைப் பிடுங்கிக்கொள்ளுங்கள், வயர்லெஸ் மட்டும் இருக்கட்டும். கால் மணி நேரத்தில் தமிழிலும் இந்தியிலும் அறிவிப்பு கேளுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் யார் சொன்னார்கள், எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்று கேளுங்கள். உறவினர்களுக்கான எண்ணுக்கு நூறு பேரை ஒரே நேரத்தில் போன் செய்ய வைத்து, எத்தனை பேருக்கு மனிதக் குரல் கிடைத்தது என்று எண்ணுங்கள். பிறகு அந்த லாக் புத்தகத்தை மாவட்டத்தின் எல்லா ஸ்டேஷன்களுக்கும் நகல் எடுத்து அனுப்புங்கள், எஸ்.பி.யின் கையெழுத்தோடு.